கிருமியைக் கொன்ற கரிக்குழாயும் கதவை மூடிய கம்பெனியும்

பி.காம் படிக்கிறவனுக்கும் நானோ தொழில்நுட்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். மார்க்கெட்டிங் பாடத்தில் 'சந்தையில் எடுபடாமல் போன பொருட்கள்' என்று ஒரு செமினார் கொடுத்தார்கள். வகுப்பில் பாதிப் பேர் டாடா நானோ காரை எடுத்துக்கொண்டார்கள். நானும் அதைத்தான் தேடப் போனேன். தேடுபொறிக்கு நான் கேட்டது காரா வேறு எதுவுமா என்று புரியவில்லை. அது கொண்டுபோய் நிறுத்திய இடம் ஜெர்மனியில் லெவர்குசன் நகரம், பேயர் கம்பெனியின் தொழிற்சாலை :-)

விஷயம் இதுதான். 2010 ஜனவரியில் பேயர் மெட்டீரியல் சயின்ஸ் நிறுவனம் 2.2 கோடி யூரோ செலவில், ஆண்டுக்கு 200 டன் கார்பன் நானோகுழாய் தயாரிக்கக்கூடிய ஆலையை அங்கே திறந்தது. சரக்குக்கு 'பேட்யூப்ஸ்' என்று பெயர். 2013 மே மாதம், இந்தத் தொழிலே வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. முழுசாக மூன்றரை வருஷம்கூட ஆகவில்லை.

இத்தனைக்கும் அந்தப் பொருளைப் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. எஃகைவிட வலிமை, செம்புக்குப் போட்டியாக மின்சாரம் கடத்தும், போதாததற்குத் தொட்ட பாக்டீரியாவைக் கொல்லும். ஆஸ்பத்திரியில் போடும் தையல் நூல், குடிநீர் வடிகட்டி, உடம்புக்குள் செருகும் குழாய் என்று எதில் கலந்தாலும் கிருமி தங்காது என்றார்கள். அப்படிப்பட்ட சரக்கை ஏன் ஒரு பெரிய கம்பெனி கைவிட்டது? மற்ற உபயோகங்களை விட்டுவிட்டு, இந்தக் கிருமி கொல்லும் கதையை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். கிடைத்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் இந்தக் குழாய் என்பது என்ன? பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட் என்பது கார்பன் அணுக்களாலான தாள்களின் அடுக்கு. அறுகோணம் அறுகோணமாகக் கோழிவலை மாதிரி பின்னிய தாள். அதில் ஒரே ஒரு தாளை உருவி, கோரைப்பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, விளிம்பை ஒட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒற்றைச்சுவர் நானோகுழாய். குறுக்களவு சுமார் 1 நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டர் அளவில் இருக்கும். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், அதற்குள் இன்னொன்று என்று இருந்தால் பல்சுவர் நானோகுழாய். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கடைசிவரை வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை யார் கண்டுபிடித்தார் என்று கேட்டால் பெரும்பாலான புத்தகங்கள் ஜப்பானின் சுமியோ இஜிமா என்கின்றன. என்.இ.சி. கம்பெனியின் ஆய்வகத்தில் இருந்தபடி 1991 நவம்பரில் 'நேச்சர்' இதழில் எழுதினார். அது பாதி உண்மை. ராதுஷ்கேவிச், லுக்யானோவிச் என்ற இரண்டு சோவியத் விஞ்ஞானிகள் 1952லேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உள்ளீடற்ற கார்பன் குழாய்களைப் படம் பிடித்து ரஷ்ய இதழ் ஒன்றில் வெளியிட்டிருந்தார்கள். பனிப்போர் காலம், அதிலும் ரஷ்ய மொழி. மேற்கில் யார் படிக்கப்போகிறார்கள்? 1976ல் பிரான்சில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜப்பானியர் மொரினோபு எண்டோவும் அங்கிருந்த ஆக்னஸ் ஓபெர்லினும் சேர்ந்து பென்சீன் ஆவியிலிருந்து இப்படிப்பட்ட இழைகளை வளர்த்துக் காட்டினார்கள். 1987ல் அமெரிக்காவின் ஹைபீரியன் கம்பெனி 'கார்பன் ஃபைப்ரில்' என்ற பெயரில் பேடன்ட்டே வாங்கிவிட்டது! காரின் பெட்ரோல் குழாய்களில் நிலைமின்சாரம் சேராமலிருக்க அதைப் பிளாஸ்டிக்கில் கலந்து விற்றார்கள். விஞ்ஞானிகள் 'கண்டுபிடிப்பதற்கு' முன்பே வியாபாரி பேடன்ட் எடுத்துவிட்டான் என்பதில் ஒரு வணிகவியல் மாணவனாக எனக்கு அற்ப சந்தோஷம்.

இன்னும் பின்னால் போகலாம். 2006ல் டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் பாஃப்ளர் குழு, 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் நானோகுழாய்கள் இருப்பதாக எழுதியது. அந்த மாதிரி வாளுக்கு மூலப்பொருள் இந்தியாவிலிருந்து போன ஊட்ஸ் உருக்கு. அதைக் காய்ச்சும்போது ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் சேர்ப்பார்களாம். 2020ல் வேலூர் வி.ஐ.டி.யைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் ஒற்றைச்சுவர், பல்சுவர் இரண்டு வகைக் குழாய்களும் இருப்பதாக 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதினார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓடுகள். உடனே 'தமிழன் அன்றே நானோ செய்தான்' என்று வாட்ஸப்பில் வந்துவிட்டது. குயவர் செய்தது நல்ல பானை. சூளையில் எரிந்த தழையின் கார்பன் தானாகக் குழாயாகியிருக்கிறது. அவருடைய கைத்திறனை மெச்ச அந்தப் பானையே போதும், அவர் கையில் எலக்ட்ரான் நுண்ணோக்கியைக் கொடுக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. அந்தக் குழாய்கள் 2,500 வருஷம் பூச்சை விட்டு வெளியே வராமல் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. பின்னால் வரப்போகிற ஒரு கேள்விக்கு இது தேவைப்படும்.

சரி, கதைக்கு வருவோம். குழாயைச் செய்வது ஒரு கஷ்டம் என்றால், அதை வேறொரு பொருளில் கலப்பது அதைவிடப் பெரிய கஷ்டம். இங்கேதான் கொடுங்கல்லூர்க்காரர் புளிக்கல் அஜயன் வருகிறார். பனாரஸ் ஹிந்து பல்கலைக்கழகத்தில் 1985ல் உலோகவியல் பி.டெக். முடித்து, அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கி, இஜிமா இருந்த அதே என்.இ.சி. ஆய்வகத்துக்குப் போனவர். 1992ல் தாமஸ் எப்பெசனும் அவரும் குழாய்களைக் கிராம் கணக்கில் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை கிடைத்தது வெறும் துகள் துகளாகத்தான். 1994ல் பிரான்சில் இருந்தபோது, குழாய்களை எபாக்சி பிசினில் கலந்து உறைய வைத்து, மெல்லிசாகச் சீவிப் பார்த்தார். குழாய்களெல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன. கார்பன் நானோகுழாய்க் கூட்டுப்பொருள் என்று இன்று சொல்வதற்கு அதுதான் முதல் படி.

கலப்பதில் என்ன கஷ்டம் என்றால், இந்தக் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆறிப்போன இடியாப்பத்தைப் பிரிக்கப் பார்த்திருக்கிறீர்களா? அதே கதைதான். கட்டியாகவே பிளாஸ்டிக்கில் போட்டால் வலிமையும் வராது, வேறு குணமும் வராது. எனவே நைட்ரிக், சல்ஃப்யூரிக் அமிலங்களில் ஊறவைத்து மேற்பரப்பைக் கொஞ்சம் அரிக்க வேண்டும். அப்போது அங்கங்கே ஆக்சிஜன் கொண்ட முனைகள் முளைக்கும். அந்த முனைகளில்தான் மற்றதையெல்லாம் மாட்டலாம். வெள்ளி வேண்டுமானால் வெள்ளி நைட்ரேட் கரைசலில் போட்டு, நானோ வெள்ளி மணிகளைக் குழாய்மேல் படியவைக்கலாம். அப்புறம் மீயொலி அதிர்வில் குலுக்கிப் பிரித்து, உருகிய பிளாஸ்டிக்கிலோ கரைசலிலோ சேர்க்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் செலவு, கழிவு அமிலம், நேரம். காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இங்கேயே வயிறு கலங்கும்.

2004ல் அஜயன் மறுபடியும் பனாரஸுக்கு வருகிறார், இந்த முறை ஒரு கட்டுரை வழியாக. அப்போது அவர் அமெரிக்காவின் ரென்சிலேர் கல்லூரியில் பேராசிரியர். பனாரஸில் ஓங்கார் நாத் ஸ்ரீவாஸ்தவா என்ற பேராசிரியரின் ஆய்வகம். (2016ல் பத்மஸ்ரீ வாங்கினார், 2021ல் காலமானார்.) பென்சீனில் ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தைக் கரைத்து, சுமார் 900 டிகிரி சூட்டில் இருக்கும் குவார்ட்ஸ் குழாய்க்குள் ஆர்கான் வாயுவோடு பீய்ச்சி அடித்தார்கள். குவார்ட்ஸின் உள்சுவரில் நானோகுழாய்கள் காடு மாதிரி நெருக்கமாக முளைத்து, ஒரு பெரிய உருளையாகவே கழன்று வந்தது. சில சென்டிமீட்டர் நீளம், கையில் எடுத்துப் பார்க்கலாம். நானோ குழாய்களாலான கண்ணுக்குத் தெரிகிற குழாய்!

அதன் ஒரு முனையை அடைத்து, உள்ளே தண்ணீரை விட்டார்கள். தண்ணீர் சுவர் வழியே கசிந்து வெளியே வந்தது. ஈகோலை, ஸ்டேஃபைலோகாக்கஸ் பாக்டீரியாக்கள் உள்ளேயே நின்றுவிட்டன. சுமார் 25 நானோமீட்டரே உள்ள போலியோ வைரஸும் நின்றது. இதைவிட எனக்குப் பிடித்தது, அந்த வடிகட்டியை மீயொலியில் கழுவி, ஆட்டோகிளேவில் வேகவைத்து, மறுபடியும் உபயோகிக்கலாம் என்பது. சாதாரண பாலிமர் சவ்வு அந்தச் சூட்டுக்குத் தாங்காது. 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் வந்தது. போலியோ இன்னும் ஒழியாத நாட்டில், கங்கைக் கரையில் இருக்கும் ஊரில், குடிதண்ணீரிலிருந்து போலியோவை வடிகட்டும் ஒரு பொருளைச் செய்திருக்கிறார்கள். இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கியது 2014ல்தான். அது சொட்டு மருந்தால் வந்தது, வடிகட்டியால் அல்ல. இருந்தாலும் அந்த 2004 கட்டுரையைப் படிக்கும்போது அதில் இருந்த அவசரம் எனக்குப் புரிந்தது.

ஆனால் பனாரஸ் உருளை கிருமியைத் தடுத்து நிறுத்தியது. குழாய் தானாகக் கிருமியைக் கொல்லுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் 2007ல் யேல் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. சியோயுன் காங், மெனாச்செம் எலிமெலெக் முதலான நான்கு பேர் 'லாங்மியூர்' இதழில் எழுதிய கட்டுரை. அதுவரை வந்த சோதனைகளில் ஒரு சிக்கல் இருந்தது. நானோகுழாயை வளர்க்கக் கோபால்ட், நிக்கல், இரும்பு போன்ற உலோகத் துகள்கள் வேண்டும். அவை கொஞ்சம் சரக்கிலேயே தங்கிவிடும. செத்த பாக்டீரியா குழாயால் செத்ததா, நிக்கலால் செத்ததா என்று யார் சொல்வது? யேல் குழு உலோகம் மிகக் குறைந்த, அளவு ஒரே சீராக உள்ள ஒற்றைச்சுவர்க் குழாய்களை எடுத்துக்கொண்டது. ஈகோலையோடு கலந்தார்கள். குழாயைத் தொட்ட பாக்டீரியாவின் மேற்சவ்வு கிழிந்து, உள்ளிருந்த மரபணுப் பொருள் வெளியே கசிந்தது. தொடாதது பெரும்பாலும் பிழைத்தது. தொட்டால்தான் சாவு.

அடுத்த வருஷமே அதே குழு ஒற்றைச்சுவரையும் பல்சுவரையும் மோதவிட்டது. மெல்லிய ஒற்றைச்சுவர்தான் நன்றாகக் கொன்றது. கட்டுரைத் தலைப்பிலேயே அளவு முக்கியம் என்று ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருந்தார்கள். விஞ்ஞானிகளுக்கும் குறும்பு உண்டு.

எப்படிக் கொல்கிறது என்பதில் சண்டை. 2009ல் சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தார் இந்தக் குழாய்கள் 'நானோ ஈட்டிகள்', தனித்தனியாகப் பிரிந்து மிதந்தால் குத்திக் குத்திக் கொல்லும் என்றார்கள். 2010ல் யேல் குழு இன்னொன்று சொன்னது. ஒற்றைச்சுவர்க் குழாய்களில் உலோகம் போல மின்சாரம் கடத்துபவை, குறைக்கடத்தி போல நடப்பவை என்று இரண்டு ஜாதி உண்டு. உலோகக் குணம் உள்ளவை அதிகமாக இருந்தால் சாவும் அதிகம். அப்படியென்றால் குத்துவது மட்டுமில்லை, பாக்டீரியாவிடமிருந்து எலக்ட்ரானை உருவுகிற ஒரு ரசாயன வேலையும் நடக்கிறது. குத்து, பிறகு உருவு. இரண்டும் சேர்ந்துதான் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இந்த இரண்டு மூன்று வருஷங்களில் கூட்டுப்பொருட்கள் மடமடவென்று வந்தன. யேலில் ஒரு பாலிமர் சவ்வின்மேல் ஒற்றைச்சுவர்க் குழாய்களை மெல்லிசாகப் படியவைத்து, வைரஸையும் பாக்டீரியாவையும் பிடிக்கும் வடிகட்டி செய்தார்கள் (2008). அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் குழாயை டி.என்.ஏ.யில் சுற்றி, முட்டை வெள்ளையில் இருக்கும் லைசோசைம் என்ற நொதியோடு அடுக்கடுக்காகப் பூசினார்கள் (2008). ஸ்டான்ஃபோர்டில் யீ குய் குழு சாதாரணப் பருத்தித் துணியை நானோகுழாய் மையில் முக்கி, வெள்ளி இழைகளையும் சேர்த்து, சுமார் 20 வோல்ட் மின்சாரம் கொடுத்தது (2010). துணியின் ஓட்டைகள் பெரியவை, எதையும் வடிகட்டாது. ஆனால் ஊடே போகிற ஈகோலையில் 98 சதவீதத்துக்கு மேல் செத்தது, அதுவும் சில வினாடிகளில்.

நான் அதிக நேரம் உட்கார்ந்து படித்தது வேறொன்றை. 2010ல் யேல் குழு பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமரில் ஒற்றைச்சுவர்க் குழாய்களைக் கலந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு தானாகக் கரையும் தையல் நூல் இருக்கிறதே, அது இந்தக் குடும்பத்துப் பாலிமர்தான். எடையில் 2 சதவீதத்துக்கும் குறைவான குழாய். அந்தப் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 98 சதவீதம் வரை பாக்டீரியா செத்தது. குழாய் கலக்காத வெறும் பாலிமரில் செத்தது 15 முதல் 20 சதவீதம். இன்னொரு வரியும் அதில் இருந்தது, நீளமான குழாயைவிடக் குட்டையான குழாய்தான் நன்றாகக் கொல்கிறது என்று. முனைகள் அதிகம் அல்லவா.

தையல் போட்ட இடம் சீழ் வைத்து, மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களை நம் எல்லோர் வீட்டிலும் பார்த்திருப்போம். ஆண்டிபயாட்டிக் கேட்காத கிருமிகள் பெருகிக்கொண்டே போகும் காலம். அந்த நிலைமையில், மருந்தே இல்லாமல் பரப்பே கிருமியைக் கொல்லும் என்றால் சின்ன விஷயமா?

இப்போது கதையின் மறுபக்கம்.

2008 மே மாதம். எடின்பர்க் பல்கலைக்கழகத்தின் கென் டொனால்ட்சன் குழு 'நேச்சர் நானோடெக்னாலஜி'யில் ஒரு கட்டுரை வெளியிட்டது. எலிகளின் வயிற்றுக்குழிக்குள் பல்சுவர் நானோகுழாய்களைச் செலுத்திப் பார்த்திருந்தார்கள். நீளமான, விறைப்பான குழாய்கள் ஆஸ்பெஸ்டாஸ் இழை செய்வதையே செய்தன: அழற்சி, திசு முடிச்சுகள். நம் உடம்பில் வெளித்துகள்களை விழுங்கித் தள்ளும் செல்கள் உண்டு. இழை அவற்றைவிட நீளமாக இருந்தால் முழுசாக விழுங்க முடியாமல் பாதியில் மாட்டிக்கொண்டு, அந்த இடம் புண்ணாகிவிடும். சுமார் 15, 20 மைக்ரோமீட்டருக்கு மேல் நீளம் இருந்தால்தான் இந்தத் தகராறு. அதே சோதனையில் குட்டையான, சுருண்டுபோன குழாய்கள் அப்படிச் செய்யவில்லை. அதே வருஷம் ஜப்பானிலும் எலிகளுக்கு இதைச் செலுத்தி, மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்ததாக ஒரு குழு எழுதியிருந்தது.

ஆஸ்பெஸ்டாஸ் என்ற ஒரு சொல் போதாதா? அதுவும் ஒரு காலத்தில் அற்புதப் பொருள்தான். தீப்பிடிக்காது, மக்காது, விலை மலிவு. பிரிட்டனில் மெரிவெதர், பிரைஸ் இருவரும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் நுரையீரல் கெடுவதை அரசு அறிக்கையாகவே 1930ல் கொடுத்தார்கள். பிரிட்டன் அதை முழுசாகத் தடை செய்தது 1999ல். கழித்துப் பாருங்கள், 69 வருஷம். நம்மூரில் இன்னும் அதைத்தான் கூரையாகப் போட்டுக்கொண்டு கீழே படுத்திருக்கிறோம். அந்த வரலாறு தெரிந்த எவரும் நானோகுழாய் விஷயத்தில் பயப்படாமல் இருக்க முடியாது. பயந்ததும் சரிதான்.

ஆனால் இங்கே ஒன்று நடந்தது என்று நினைக்கிறேன். பயம் வந்தது நீளமான, விறைப்பான, பல்சுவர்க் குழாய்க்கு. கிருமியைக் கொன்றது மெல்லிய ஒற்றைச்சுவர்க் குழாய், அதிலும் குட்டையானது. அதுவும் பாலிமருக்குள் பதிந்திருப்பது. இரண்டும் வேறு சரக்கு. கத்திரிக்காய்க்குச் சொன்ன பத்தியத்தைச் சுண்டைக்காய்க்கும் சொல்கிற மாதிரி, 'கார்பன் நானோகுழாய்' என்ற ஒரே பெயருக்குள் எல்லாம் அடைபட்டுவிட்டன. குட்டையான குழாய் முழுக்கச் சாது என்று நான் சொல்லவில்லை. பாக்டீரியாவின் சவ்வைக் கிழிப்பது நம் செல்லை என்ன செய்யும் என்பதைத் தனியாகச் சோதிக்கத்தான் வேண்டும். கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தப் பானை ஓடு. பொருளுக்குள் பதிந்த குழாய் வெளியே வருமா? கூரை ஓட்டில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக்குள் பதிந்துதான் இருக்கிறது. அறுக்கும்போதும் உடைக்கும்போதும்தான் தூசியாகக் கிளம்புகிறது. நானோகுழாய்க்கும் அதே கணக்குதான். தையல் நூல் போட்ட நோயாளியைவிட, அந்தத் தூளை மூட்டையிலிருந்து கொட்டிக் கலக்குகிற தொழிலாளிக்குத்தான் முதல் ஆபத்து. வாடிக்கையாளர் பாதுகாப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய கட்டுரைகளில் அந்த ஆளைக் காணவே காணோம். அவரைப் பற்றி எண்ணோடு பேசியது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ்தான். 2013ல் ஒரு வரம்பைப் பரிந்துரைத்தது: எட்டு மணி நேர வேலையில், ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

அதே 2013ல்தான் பேயர் கதவை மூடியது. பயத்தால் மூடியதாக நினைத்துத்தான் நான் தேட ஆரம்பித்தேன். கம்பெனி சொன்ன காரணம் வேறு. உபயோகங்கள் ஏராளம், ஆனால் எல்லாம் சிதறிக் கிடக்கின்றன, தன்னுடைய முக்கியத் தொழில்களோடு ஒட்டவில்லை என்றது. இதை நம் பாஷையில் சொன்னால், ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு கிலோ கேட்கிறார்கள், ஆயிரம் கிலோ கேட்க ஒரு ஆள் இல்லை. 200 டன் ஆலைக்கு அது கட்டுப்படியாகாது.

விலையையும் பாருங்கள். 2000களின் தொடக்கத்தில் நல்ல ஒற்றைச்சுவர்க் குழாய் ஒரு கிராம் நூற்றுக்கணக்கான டாலர். அப்போது தங்கம் ஒரு கிராம் 10 டாலருக்கும் கீழே! பல்சுவர்க் குழாய் சீக்கிரமே கிலோ கணக்கில் மலிந்தது, பேயர் செய்ததும் அதைத்தான். ஆனால் கிருமியைக் கொல்வதில் கெட்டிக்காரன் விலை உயர்ந்த ஒற்றைச்சுவர். மலிவானது சரியாகக் கொல்லாது, கொல்வது மலிவாக இல்லை. எதிரே போட்டிக்கு யார் யார் நிற்கிறார்கள்? அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி 1908லேயே ஊர் முழுவதற்கும் குடிநீரில் குளோரின் கலக்க ஆரம்பித்துவிட்டது. 2008ல் செம்புக் கலவைகளைக் கிருமிநாசினிப் பரப்பு என்று விற்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை அனுமதி கொடுத்தது. பாட்டி வீட்டுச் செம்புக் குடம் சட்டப்படி பாஸாகிவிட்டது. குளோரினையும் செம்பையும் விலையில் தோற்கடிக்க எந்த நானோவாலும் முடியாது. உடம்புக்குள் போகும் பொருட்களில் மட்டும்தான் இடம் இருந்தது. அங்கேயோ பாதுகாப்புச் சோதனைக்கு ஆகும் வருஷமும் காசும் அதிகம். எந்தப் பொருள் அந்தச் செலவைத் தாங்குமோ அங்கே ஆஸ்பெஸ்டாஸ் என்ற பெயர் வழியை மறித்தது, மற்ற இடங்களில் விலை மறித்தது. இது என் கணிப்பு.

அதற்கப்புறம் நடந்தவை வேகமாக. 2014ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை கூடி, எம்.டபிள்யூ.சி.என்.டி-7 என்ற ஒரு குறிப்பிட்ட பல்சுவர் வகையை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. மற்ற நானோகுழாய்களை வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டது. அந்தப் பிரித்துப் பார்த்தலைத்தான் நான் எதிர்பார்த்தேன். 2016ல் ஜப்பானில் எலிகளுக்கு அதே வகையை இரண்டு வருஷம் மூச்சுக் காற்றோடு கொடுத்த ஆய்வு வெளிவந்தது. நுரையீரல் புற்று வந்திருந்தது. 2019ல் ஸ்வீடனின் கெம்செக் அமைப்பு, ஒதுக்க வேண்டிய ரசாயனங்கள் பட்டியலில் கார்பன் நானோகுழாய்களை ஒட்டுமொத்தமாகச் சேர்த்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டுவது அறிவியல்படி நியாயமில்லை என்று 2020ல் விஞ்ஞானிகள் பலர் மறுத்து எழுதினார்கள். நான் மறுத்தவர்கள் பக்கம். ஆனாலும் கெம்செக் தரப்பின் கோபம் புரிகிறது. ஆஸ்பெஸ்டாஸ் விஷயத்திலும் 'இந்த வகை கெட்டது, அந்த வகை பரவாயில்லை' என்று சொல்லிச் சொல்லியே காலம் கடத்தினார்கள்.

கிருமி கொல்லும் கூட்டுப்பொருட்கள் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள் வருவது நிற்கவில்லை. வெள்ளியோடு, துத்தநாக ஆக்ஸைடோடு, நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானோடு என்று புதுப்புதுச் சேர்க்கைகள். ஆனால் டன் கணக்கில் குழாய் போவது லித்தியம் பேட்டரிக்கு. மின்முனையில் கலந்தால் மின்சாரம் நன்றாக ஓடுகிறது, கொஞ்சம் போட்டாலே போதும். ஆயிரம் கிலோ கேட்கும் அந்த ஒற்றை வாடிக்கையாளர் மின்சார வண்டி ரூபத்தில் வந்து சேர்ந்தார், பேயர் கடையைச் சாத்திய பிறகு.

பேட்டரியும் ஒரு கூட்டுப்பொருள்தான், உள்ளே பதிந்திருக்கும் வரை குழாய் வெளியே வராது. பழைய பேட்டரியை அரைத்துக் கோபால்ட்டையும் நிக்கலையும் பிரித்தெடுக்கும் வேலை நம் நாட்டிலும் ஆரம்பித்துவிட்டது. அரைத்தால் வருவது கறுப்புத் தூள், தொழிலில் அதை 'பிளாக் மாஸ்' என்கிறார்கள். அதை மூட்டை கட்டும் இடத்தில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று அளக்கும் கருவி இருக்கிறதா என்பதை அடுத்த செமினாருக்குத் தலைப்பாகக் கேட்டிருக்கிறேன். மார்க்கெட்டிங் பாடத்துக்குள் வராது என்கிறார்கள்.